“மருந்து கொடுப்பதுதானே உங்கள் வேலை?”: பிள்ளையின் தழும்பும் வைத்தியசாலையின் கேள்விகளும்

02.03.2024, மாலை 6.40
(இழையைத் தொடக்கிய வாசகர்)

உப்புவெளியில் வசிக்கிறேன். போன கிழமை என்னுடைய ஏழு வயது மகளைக் காய்ச்சலுக்காக ஒரு வைத்தியசாலையில் அனுமதித்தோம். இரத்தம் எடுக்க வந்த தாதி, மகளின் முழங்காலுக்குப் பின்னால் இருந்த பழைய தழும்பைக் கண்டுவிட்டு, அது எப்படி வந்தது, எப்போது வந்தது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அடுத்த கட்டில்காரருக்கும் கேட்கும்படி விசாரித்தார். என் மனைவி அன்று முழுவதும் அழுதாள். மருந்து கொடுப்பதுதானே இவர்களுடைய வேலை? பொலிஸ் வேலையை இவர்களிடம் யார் கொடுத்தது? சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

02.03.2024, இரவு 9.55

அந்தத் தாதி நானல்ல, நான் ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. ஆயினும் அதே கேள்விகளை இந்தத் திருகோணமலை மாவட்டத்தின் நான்கு வைத்தியசாலைகளில் 34 வருடம் கேட்டுத் திரிந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

மருந்து கொடுப்பது எங்கள் வேலையில் ஒரு பாதி. மற்றப் பாதி பார்ப்பது. பெற்றோரைத் தவிர, ஒரு பிள்ளையின் சட்டையைக் கழற்றி முதுகைப் பார்க்கக்கூடியவர்கள் அநேகமாக நாங்கள் மட்டும்தான். ஆசிரியர் முகத்தையும் கைகளையும் காண்பார், சீருடைக்குள் இருப்பதைக் காணமாட்டார். ஊசி போடவும் காய்ச்சல் பார்க்கவும் உடம்பு துடைத்துவிடவும் போகிற எங்கள் கண்ணில் தான் அது படும். பட்டதைக் கேட்காமல் விடுவதற்கு எங்களுக்கு அனுமதி இல்லை.

நாங்கள் முதலில் பார்ப்பது, சொல்லப்படும் கதையும் காயமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை. கேத்தலை இழுத்துத் தன்மேல் கொட்டிக்கொண்ட இரண்டு வயதுப் பிள்ளைக்கு வெந்நீர் முகத்திலோ தோளிலோ விழுந்து, நெஞ்சால் வழிந்து, வழிய வழிய ஆறிப் போவதால் காயமும் கீழே வரும்போது ஒடுங்கிக்கொண்டு வரும், சுற்றிலும் சிறு தெறிப்புகள் இருக்கும். இரண்டு கால்களிலும் காலுறை போட்டது போல ஒரே உயரத்தில் கோடு பிடித்து நிற்கின்ற, தெறிப்பு ஒன்றும் இல்லாத காயத்தோடு ஒரு பிள்ளை வந்தால், அதற்குக் கேத்தல் கதை பொருந்தாது. கண்டல் காயம் (அடிபட்டுத் தோலுக்குள் இரத்தம் கட்டியது) என்றால் நிறத்தைப் பார்த்தே எத்தனை நாள் பழையது என்று சொல்லிவிடலாம்: முதலில் சிவப்பு, பிறகு நீலம், பச்சை, கடைசியில் மஞ்சள்.

உங்கள் மனைவி அழுததற்கு வருந்துகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்தத் தாதி உங்கள் மகளிடம் முதலாவதாகக் கேட்ட கேள்வி என்ன? சொல்லுக்குச் சொல் நினைவிருந்தால் எழுதுங்கள்.

03.03.2024, காலை 7.10

மேலே எழுதியதில் ஒரு பிழை. மட்டக்களப்பில் வைத்தியசாலைச் சிறுவர் விடுதி (வார்ட்) ஒன்றில் பணியாற்றும் வைத்தியத் தம்பி தனிச்செய்தியில் திருத்தியிருக்கிறார், அவருக்கு நன்றி. கண்டலின் நிறத்தைக் கொண்டு நாள் சொல்லலாம் என்பது எங்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லித்தரப்பட்ட பாடம். அதை நம்பக்கூடாது என்று இப்போது ஆய்வுகள் தெளிவாகக் காட்டிவிட்டன. ஒரே நேரத்தில் பட்ட இரண்டு அடிகள் ஒரே உடம்பில் இரண்டு நிறமாக மாறலாம். தோலின் நிறமும் பட்ட இடமும் அதை இன்னும் குழப்பும். நான் எத்தனை ரிக்கற்றில் (நோயாளியின் கட்டில் குறிப்பில்) “மூன்று நாள் பழையது” என்று எழுதியிருப்பேன் என்று நேற்றிரவு எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நிறத்துக்குப் பதிலாக இடத்தையும் வயதையும் பார்க்கச் சொல்கிறார் தம்பி. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் உடற்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ கண்டல் இருந்தால் நின்று கவனிக்க வேண்டும். நான்கு மாதம் நிரம்பாத குழந்தையாயின் எங்கே இருந்தாலும் கவனிக்க வேண்டும். தவழாத பிள்ளை தானாகப் போய் எதிலும் மோதாது. முழங்காலிலும் நெற்றியிலும் கண்டல் இல்லாத நான்கு வயதுப் பையனைத்தான், விளையாட விடுகிறார்களா என்று நான் சந்தேகிப்பேன்.

05.03.2024, இரவு 8.30

சென்னையிலிருந்து எழுதிய சகோதரி, தங்கள் நாட்டில் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19 ஆவது பிரிவின்படி பிள்ளைமீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் அறிவித்தே ஆக வேண்டும் என்றும், அறிவிக்காவிட்டால் 21 ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு என்றும், வைத்தியரும் அதற்கு விலக்கல்லர் என்றும் எழுதியிருக்கிறார். இங்கு எப்படி என்று கேட்கிறார்.

இங்கு நாங்கள் நடந்த பாதையைச் சொல்கிறேன். பிள்ளையை முதலில் விடுதியில் நிறுத்திவைப்போம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது ஒன்றும் செய்யாதது போலத் தோன்றும். ஒரு வைத்தியசாலை செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு, அன்றிரவு அந்தப் பிள்ளைக்கு ஒரு கட்டில் கொடுப்பது. வயிற்றுவலிக்கு இன்னும் ஒரு பரிசோதனை இருக்கிறது என்று சொல்லி வைத்திய நிபுணர்கள் நிறுத்திவைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிறகு வைத்தியசாலையின் பொலிஸ் காவலரணுக்கு அறிவிக்கப்படும். அவர்கள் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைக் கொடுப்பார்கள், சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், பொலிஸின் சிறுவர், பெண்கள் பிரிவு, சிலவேளை பாடசாலை அதிபர் எல்லோரும் ஒரு மேசையில் இருந்து, பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பலாம் என்று பேசுவார்கள். இதை விடுதியில் ‘கேஸ் கொன்பரன்ஸ்’ என்போம். தேநீர் ஆறிப்போகும் கூட்டம் அது. ஒருவருடைய கோப்பில் இருப்பது மற்றவருடைய கோப்பில் இருக்காது.

சட்டங்கள் பின்னால் வந்தவை. நான் பணியில் சேர்ந்தபோது, பிள்ளைக்குக் கொடுமை இழைத்தல் என்ற குற்றம் தண்டனைச் சட்டக்கோவையில் தனிப் பிரிவாக இருக்கவில்லை. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தத்தில்தான் அதற்கான 308அ பிரிவு வந்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா, ஒரு குழந்தை நல வைத்திய நிபுணர். சட்டத்தரணியோ பொலிஸ் அதிகாரியோ அந்தக் கதிரையில் முதலில் இருக்கவில்லை என்பதை, இழையைத் தொடக்கிய தம்பிக்காக இங்கே குறித்து வைக்கிறேன்.

05.03.2024, இரவு 9.05

“அக்கா, சுருக்கமாக எழுத மாட்டீர்களா” என்று ஒருவர். 34 வருடம் ரிக்கற்றின் ஒன்றரை வரியில் எல்லாவற்றையும் அடக்கி எழுதியவள் நான். இப்போதாவது விடுங்கள்.

06.03.2024, பிற்பகல் 3.20

நேற்று எழுதியதை இன்று வாசித்தபோது, எல்லாம் ஒழுங்காக நடந்தது போன்ற தோற்றம் அதில் இருப்பதைக் கண்டேன். ஆகவே நடக்காத ஒன்றையும் எழுத வேண்டும். வைத்தியசாலையின் பெயரும் ஆண்டும் வேண்டாம். அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து எங்கேயோ இருக்கிறாள்.

ஒன்பது வயது. வயிற்றுவலி என்று தாயார் கொண்டுவந்தார். மூத்திரப் பரிசோதனை, ஸ்கான், எதிலும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்று காலையில் சுற்று வந்த இளம் வைத்தியர், சிங்களவர், நல்ல பிள்ளை, கட்டில் ஓரத்தில் குந்திக்கொண்டு, வீட்டுக்குப் போகச் சந்தோஷம்தானே என்று என்னைக் கேட்கச் சொன்னார். அவள் கையில் ஊசி ஏற்றியிருந்த இடத்தின் பிளாஸ்டரை நகத்தால் சுரண்டிக்கொண்டே, “சித்தப்பா பகிடி விடுவார், எனக்கு விருப்பமில்லை” என்றாள்.

எங்கள் பக்கத்தில் பகிடி என்றால் கேலி, விளையாட்டு. நான் அதைச் சிங்களத்தில் “விஹிளு கரனவா” என்று சொல்லிக் கொடுத்தேன். சொல்லுக்குச் சொல் சரிதான். வைத்தியர் சிரித்தார், பிள்ளையின் தலையைத் தடவினார், ரிக்கற்றில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதினார். சித்தப்பாமார் பகிடி விடாத வீடு எங்கே இருக்கிறது? ஆனால் அவள் அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை, பிளாஸ்டரைப் பார்த்தாள். நான் அதைக் கண்டேன். கண்டதையும் எழுதவில்லை, அவள் சொன்ன வசனத்தையும் எழுதவில்லை. அன்று விடுதியில் 40 பிள்ளைகள் இருந்தார்கள், டெங்குக் காலம். இது காரணம்; சமாதானம் ஆகாது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அதே வயிற்றுவலியோடு திரும்பி வந்தாள், எடை குறைந்திருந்தது. என்னைக் கண்டதும் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் நெஞ்சு இடித்த இடியில், செய்யக் கூடாததைச் செய்தேன். திரையை இழுத்துவிட்டு, “சித்தப்பா உன்னைத் தொடுகிறவரா மகள்?” என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் எதிர்பார்த்ததை என் முகத்திலேயே கண்டாள், தலையசைத்தாள். அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது: காவலரண், படிவம், சட்ட வைத்திய அதிகாரி, வாக்குமூலம். தாயார் என்னை இரண்டு நாள் ஏசினார், மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

வருடங்கள் கழித்து அழைப்பாணை வந்தது. எதிரியின் (குற்றஞ்சாட்டப்பட்டவரின்) சட்டத்தரணி மரியாதையாகத்தான் கேட்டார். “தொடுவது என்ற சொல்லை முதலில் சொன்னவர் பிள்ளையா, நீங்களா?” நான்தான் என்றேன். “அதற்கு முந்திய அனுமதியின்போது பிள்ளை ஏதாவது சொன்னதா?” சொன்னாள், பகிடி விடுவார் என்றாள், என்றேன். “அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?” எங்கேயும் இல்லை. மூன்று விடைகளும் உண்மை, மூன்றும் பிள்ளைக்கு உதவவில்லை.

06.03.2024, பிற்பகல் 4.45

தீர்ப்பு என்ன என்று கேட்கிறார்கள். எழுதமாட்டேன். அதைத் தெரிந்துகொண்டால் என் பிழையை அதைக் கொண்டு அளக்கத் தொடங்குவீர்கள். பிழை கட்டிலோரத்தில் நடந்தது.

இன்னொருவர், உடற்பரிசோதனையில் அடையாளம் இருந்திருக்குமே, தாதியின் வசனம் எதற்கு என்கிறார். பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளைகளில் பெரும்பாலோரின் உடலில் பரிசோதனையின்போது ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்பதற்கு நடக்கவில்லை என்று பொருளில்லை. அப்படியான வழக்குகளில் பிள்ளையின் சொல்லைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. அதனால்தான் அந்தச் சொல் முதலில் எப்போது, யாரிடம், எந்த வடிவத்தில் வந்தது என்பது இவ்வளவு பெரிதாகிறது.

1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சான்றுச் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி பிள்ளையின் முதல் விசாரணையை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டலாம். ஒரே கதையை விடுதியில், காவலரணில், பொலிஸில், சட்ட வைத்திய அதிகாரியிடம், நன்னடத்தையிடம், கடைசியில் கூண்டில் என்று ஒரு பிள்ளை எத்தனை தரம் சொல்லும்? ஒவ்வொரு தரமும் ஒரு சொல் மாறும், மாறிய சொல்லைப் பிடித்துக்கொண்டு பொய் என்பார்கள். நான் பார்த்த பிள்ளைகளில் சிலர் ஐந்தாம் தரம் பாடப்புத்தகம் ஒப்புவிப்பது போலச் சொன்னார்கள்.

09.03.2024, நள்ளிரவு கடந்து

இன்று சிவராத்திரி. கோணேசர் மலைக்கு ஏறும் வழியெல்லாம் சனம். முழங்கால் விடாததால் நான் கீழே கோட்டை வாசலோடு நின்றுவிட்டேன். மான்கள் சுண்டல் கடலைக்காகச் சனத்தின் பைகளுக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருந்தன. கண்விழிக்க வேண்டிய இரவு என்பதால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். சிவபுராணம் படிக்க வேண்டிய நேரம் என்று மகள் முறைக்கிறாள்.

நாங்கள் ஏன் காண்பதில்லை என்பதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். பெற்றவர்களே பிள்ளையை அடித்து எலும்பை முறிப்பார்கள் என்பதை வைத்தியம் மிகவும் பிந்தித்தான் ஏற்றுக்கொண்டது. பாரிசில் தார்டியூ என்ற சட்ட வைத்தியர் 1860 இலேயே எழுதினார், யாரும் பொருட்படுத்தவில்லை. 1946 இல் ஜோன் கஃபி என்ற அமெரிக்க எக்ஸ்ரே நிபுணர், மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்த ஆறு குழந்தைகளின் கைகால் எலும்புகளிலும் முறிவுகள் இருப்பதைக் காட்டினார். காரணத்தைத் துணிந்து சொல்லவில்லை. 1962 இல் டென்வரைச் சேர்ந்த ஹென்றி கெம்பியும் தோழர்களும் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: அடிபட்ட குழந்தை நோய்க்குறித் தொகுதி. பெயர் வந்த ஐந்தாம் வருடம், 1967 அளவில், அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் அறிவிக்கும் சட்டம் வந்துவிட்டது. நூறு வருடமாகக் கண் முன்னால் இருந்தது, பெயர் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

பெயர் தெரிந்த பிறகும் காணாமல் விடலாம். ஐவரி கோஸ்டிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்ட விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுப் பிள்ளையின் கதை அப்படிப்பட்டது. 1999 யூலையில் அவளைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் மகள் காயங்களைக் கண்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். இளநிலை வைத்தியர் சந்தேகப்பட்டார். நிபுணர் வந்து பார்த்துவிட்டு, சொறி என்றார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். 2000 பெப்ரவரியில் இறந்தபோது உடலில் 128 காயங்கள் இருந்தன. லோர்ட் லாமிங் 2003 இல் வெளியிட்ட அறிக்கையில் 108 பரிந்துரைகள். அவற்றுள் ஒன்று, இப்படியான சந்தேகத்தில் வைத்தியர்களுக்கிடையே கருத்து வேறுபட்டால் அதைப் பற்றிய பேச்சு பதிவாக வேண்டும் என்பது. நிபுணர் ஒரு சொல்லை எழுதியதும் இளையவரின் சந்தேகம் கரைந்துபோவதை நான் விடுதியில் பலதரம் கண்டிருக்கிறேன். சொறிக்குப் பூசும் வெள்ளை மருந்துப் போத்தலை நானும் எத்தனையோ தாய்மாரிடம் நீட்டியிருக்கிறேன். அவற்றுள் எல்லாம் சொறிதானா என்று இந்த இரவில் கேட்டால் என்னிடம் விடை இல்லை.

09.03.2024, காலை 11.00

நேற்றிரவுக் குறிப்பை மகள் வாசித்துவிட்டு, “அம்மா, இதை வாசித்தால் சனம் பிள்ளைக்குச் சிராய்ப்பு வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படும்” என்றாள். சரியான பேச்சு. மற்றப் பக்கத்தையும் எழுதுகிறேன்.

வெருகல் பக்கத்திலிருந்து ஒரு தாய், இரண்டு மாதக் குழந்தையோடு வந்தார். இருமல். குழந்தையின் இடுப்புக்குக் கீழே, பிட்டத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நீலம். இரவு வேலையில் இருந்த எங்களுக்குள் குசுகுசுப்பு எழுந்தது. ஒருத்தி தாயிடம் “யார் அடித்தது” என்று நேரே கேட்டுவிட்டாள். அந்தப் பெண் விடியும்வரை குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை, தானும் கண் மூடவில்லை. காலையில் நிபுணர் வந்தார், ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார், வலிக்கவில்லை, வீங்கவில்லை, ஓரம் மங்கலாக இருந்தது. “இது பிறவியிலேயே உள்ள நீலப்படை, எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இருக்கும், உங்களுக்கும் இருந்திருக்கும்” என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். அந்தத் தாயிடம் அவரே மன்னிப்புக் கேட்டார். பிறந்தபோது யாராவது அந்த நீலத்தைப் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில், அந்த நீல மட்டைக் கொப்பியில், ஒரு வரி குறித்திருந்தால் அந்த இரவு நேர்ந்திருக்காது. இரத்தம் உறையாத நோயும், எளிதில் முறியும் எலும்பும் இப்படித்தான் ஏமாற்றும். ஆகவே இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பெற்றோரைக் காப்பாற்றவும்தான் செய்யப்படுகின்றன.

உப்புவெளித் தம்பி, உங்கள் முறைப்பாட்டில் பாதியை நான் ஏற்கிறேன். கேட்டது சரி. அடுத்த கட்டிலுக்குக் கேட்கும்படி கேட்டது பிழை. எங்கள் விடுதிகளில் தனி அறை கிடையாது, திரை இருந்தால் கொக்கி இருக்காது, ஆனால் குரலைத் தாழ்த்துவதற்குத் திறைசேரியின் அனுமதி வேண்டியதில்லை.

11.03.2024, இரவு 10.15

பாடசாலை அடியைப் பற்றிச் சிலர் கேட்டதால் சிறு குறிப்பு. காதுவலி என்று வருகிற பிள்ளையின் செவிப்பறை கிழிந்திருக்கும். கேட்டால், படிப்பிக்கத்தானே சேர் அடித்தவர் என்று தாயே சொல்வார். 2017 இல் ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் கேட்கும் திறனை இழந்த மாணவன் ஒருவனின் அடிப்படை உரிமை வழக்கில் 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் மாணவன் பக்கம் தீர்ப்பளித்து இழப்பீடும் விதித்தது. அப்படியான காதுகளை நான் வெறும் “காதுவலி” என்று எழுதியதுண்டு. தாய் முறைப்பாடு இல்லை என்றார், நானும் விட்டுவிட்டேன். முறைப்பாடு தாயுடையது, காது பிள்ளையுடையது என்பது அப்போது எனக்குப் புலப்படவில்லை.

14.03.2024, மாலை 5.50

கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி, இப்போது பயிற்சியில் இருக்கும் தாதி, “அப்படியென்றால் என்ன கேட்பது, என்ன எழுதுவது” என்று கேட்டிருக்கிறார். பெரிய பாடம் ஒன்றுமில்லை. “என்ன நடந்தது?” “பிறகு?” இவ்வளவும் போதும். பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், உறவுமுறையை நீங்கள் சொல்லாதீர்கள், ஆம் இல்லை என்று முடிகின்ற கேள்வியைக் கேட்காதீர்கள். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் அதை நீங்கள் முறிக்க நேரும், முறிப்பதைப் பிள்ளை காணும். முழுக் கதையையும் நீங்களே கேட்டு முடிக்க நினைக்காதீர்கள், அது வேறொருவரின் வேலை.

எழுதும்போது பிள்ளை சொன்ன சொல்லையே, பிள்ளையின் தமிழிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். ரிக்கற் ஆங்கிலத்தில் இருந்தாலும் அந்த ஒரு வரி தமிழில் இருக்கட்டும். மூதூர்ப் பிள்ளை சொல்லும் சொல்லுக்கும் நகரத்துப் பிள்ளை சொல்லும் சொல்லுக்குமே வேறுபாடு உண்டு, சிங்களத்துக்குப் போய் ஆங்கிலமாகி நீதிமன்றத்தில் மீண்டும் தமிழாகும்போது அது யாருடைய சொல் என்றே தெரியாது. நேரத்தை எழுதுங்கள். அப்போது பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். “பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டு சொன்னாள்” என்ற மூன்று சொல்லை நான் எழுதியிருக்க வேண்டும்.

மொழிபெயர்க்கச் சொன்னால், சொல்லைக் கொடுத்துவிட்டு, “இந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் வாயில் வேறு பொருளும் இருக்கலாம், டொக்டர்” என்று ஒரு வசனம் சேர்த்துச் சொல்லுங்கள். அதிகப்பிரசங்கி என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

14.03.2024, மாலை 6.20

மேலே எழுதியதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பற்றித் தனிச்செய்தியில் விவரமாக எழுதியவருக்கு: இங்கே எழுதாதீர்கள், எனக்கும் எழுதாதீர்கள். 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். நீங்கள் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்லுங்கள், நினைத்ததைத் தனியாகச் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒருமுறை அழைத்தேன். கை நடுங்கியது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காவலரணுக்கு நடப்பதும் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு அயலவரைப் பற்றிச் சொல்வதும் ஒன்றல்ல என்பது அன்றுதான் விளங்கியது.

17.03.2024, காலை 8.40

உப்புவெளித் தம்பி பதில் எழுதியிருக்கிறார். மகளிடமே கேட்டாராம். தாதி முதலில் கேட்டது, “இது என்ன மகள், எப்படி வந்தது?” என்று. மகள், “சைக்கிள் கம்பி” என்றிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் தகப்பனைப் பார்த்துச் சத்தமாக மற்றக் கேள்விகள்.

அப்படியானால் அந்தத் தாதி பிள்ளையிடம் நான் கேட்டதைவிடச் சரியாகக் கேட்டிருக்கிறார். “சைக்கிள் கம்பி” என்று மேற்கோள் குறிக்குள் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன். தம்பி விரும்பினால் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதலாம்: கேள்விக்காக அல்ல, குரலுக்காக. எழுதினால் தாதியின் முதல் கேள்வியையும் அதில் சேர்த்துவிடச் சொல்கிறேன்.

17.03.2024, காலை 8.55

ஓய்வூதியக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். 34 வருடம் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். 33 வருடமும் 8 மாதமும்.